தென்னை உச்சியில என்ன நடக்குதுன்னு கீழ தெரியறதில்லீங்க: வேளாண்மைத் துறைக்கும் தென்னை வளர்ச்சி வாரியத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு வேளாண்மை உழவர் நலத்துறை, தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும், தென்னை வளர்ச்சி வாரியத்துல பொறுப்புல இருக்கறவங்களுக்கும்,

வணக்கமுங்க. ஆனைமலை பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கற விவசாயி எழுதறேன். மானியம் கேட்டு எழுதற கடிதம் இல்லீங்க இது, அதுக்கு சங்கங்கள் இருக்கு, அவங்க கேட்டுட்டுத்தான் இருக்காங்க. கொப்பரை விலை பத்தியும் இதுல பேசப் போறதில்லை. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஒரு மரத்துக்கு என்ன சீக்குன்னு அடையாளம் கண்டுபிடிக்கற வித்தைய, மரத்து மேல ஏறுற ஆளுக்குச் சொல்லிக் குடுங்க. அவரு பாத்து சொல்ற சேதிக்குக் காசும் குடுங்க. இப்ப அந்த வித்தை புத்தகத்துல இருக்கு, பல்கலைக்கழகத்துல இருக்கு, ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துல இருக்கு, ஆனா மரத்து உச்சிக்குப் போற ஆளுகிட்ட இல்லை, அவருகிட்ட இருக்கற கொஞ்சநஞ்சத்தையும் யாரும் கேட்டு வாங்கறதில்லை.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, கீழ நின்னு பாத்தா தென்னைக்கு வர்ற பாதி சீக்கு ஒரே மாதிரிதான் தெரியும். மஞ்சளா இருக்கு, மட்டை தொங்குது, காய் சிறுத்துப் போச்சு. இந்த மூணையும் வச்சுத்தான் எங்க ஊர்ல முக்கால்வாசி பேரு மருந்துக்கடைக்குப் போறாங்க. கடைக்காரரு போன்ல போட்டோவ பாக்கறாரு, கையில எது இருக்கோ அதை எடுத்துக் குடுக்கறாரு. அவரு மேல கோவப்பட்டு என்னங்க பண்றது, அவருக்கும் மரத்து உச்சி தெரியாது.

இன்னொண்ணு, பொள்ளாச்சி பக்கம் இப்ப காய் வெட்டு பெரும்பாலும் தொரட்டிக் கம்புலதான் நடக்குது. கீழ நின்னே கத்தி கட்டுன நீளக் கம்பால குலையை அறுத்துத் தள்ளிட்டுப் போயிடறாங்க, வேலை சீக்கிரம் முடியுது, ஆள் கிடைக்காத காலத்துல அதைத் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அதனால என்ன ஆச்சுன்னா, வருஷக்கணக்கா ஒரு மரத்தோட குருத்தை ஒரு மனுசன் கிட்ட இருந்து பாக்கறதே இல்லாம போச்சு. முன்னாடி வெட்டுக்கு ஒருக்கா ஏறுன ஆளு இறங்கும்போதே சொல்லுவாரு, இந்த மரத்துல வண்டு குடைஞ்சிருக்கு, அந்த மரத்துல குருத்து ஆடுதுன்னு. அந்தப் பேச்சு நின்னு போச்சு. இப்பவும் இளநீர் வெட்டவும் கொண்டை சுத்தம் பண்ணவும் ஏறுறவங்க இருக்காங்க, அவங்க கண்ணைத்தான் நான் கேக்கறேன்.

கூன்வண்டையே எடுத்துக்கலாம். சிவப்புக் கூன்வண்டு மரத்தைக் கொல்ற விதம் கொடூரமானது, ஏன்னா எல்லாமே உள்ளதான் நடக்குது. முட்டையில இருந்து வர்ற காலில்லாத வெள்ளைப் புழு தண்டுக்குள்ள இருக்கற மெத்துன பாகத்தைத் தின்னுக்கிட்டே போகும், அங்கயே நாரைச் சுத்திக் கூடு கட்டும், அங்கயே வண்டாகும், ஒரு தலைமுறை முடிய மூணு நாலு மாசம். வெளிய தெரியறது என்ன? ஒரு சின்ன ஓட்டை, அதுல இருந்து மென்னு துப்புன மாதிரி நார், பழுப்பு நிறத்துல பிசுபிசுன்னு ஒரு சாறு. புளிச்ச வாடை வரும். காதை மரத்தோட ஒட்டி வச்சு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கேட்டீங்கன்னா உள்ள நறநறன்னு கடிக்கற சத்தம் கேக்கும், நல்லா முத்துன தாக்குதல்ல இது தெளிவாவே கேக்கும். இந்த அறிகுறி எல்லாம் இருக்கற நேரத்துல கீழ இருந்து பாத்தா மரம் பச்சைப் பசேல்னு நிக்கும். உள் மட்டை மஞ்சளாகி கொண்டை சாயும்போதுதான் தோப்புக்காரருக்குத் தெரியுது, அப்ப அந்த மரத்தை ஒண்ணும் பண்ண முடியாது. அஞ்சு வருஷத்துல இருந்து இருபது வருஷம் வரைக்கும் உள்ள மரத்தைத்தான் இது அதிகம் பிடிக்கும், அதாவது நாம தண்ணி ஊத்தி வளர்த்து இப்பத்தான் காய் பாக்க ஆரம்பிச்ச மரம்.

இதுல ஏறுறவரோட கைக்கும் பங்கு இருக்கு, அதையும் சொல்லித்தான் ஆகணும். கூன்வண்டு காயத்தோட வாடைக்குத்தான் வரும். தண்டுல படி வெட்டி ஏறுறது, பச்சை மட்டைய தண்டோட ஒட்ட வெட்டறது, இதெல்லாம் வண்டுக்கு வாசல் திறந்து விடற வேலை. பச்சை மட்டை வெட்டியே ஆகணும்னா தண்டுல இருந்து 4 அடி விட்டு வெட்டணும்னு பல்கலைக்கழகமே சொல்லுது. இதை எத்தனை பேருகிட்ட போய் சொல்லியிருக்கோம்? நோட்டீஸ்ல அச்சடிச்சு விவசாயி கையில குடுத்தா போதாதுங்க, அரிவாள் விவசாயி கையில இல்லை.

காண்டாமிருக வண்டு இதுக்கு நேர்மாறு. அதோட புழு மரத்தைத் தொடறதே இல்லை, எருக்குழியிலயும் மக்கிப்போன மரத்துலயும் வெள்ளையா சுருண்டு கிடக்கும். மரத்துக்கு வர்றது கொம்பு முளைச்ச வண்டு, அது விரியாத குருத்தைக் குடைஞ்சு உள்ள போகும். அந்தக் குருத்து பின்னாடி விரியும்போது கத்திரிக்கோல் போட்ட மாதிரி முக்கோண முக்கோணமா வெட்டு தெரியும், இது மட்டும்தான் கீழ இருந்தே யாரும் அடையாளம் சொல்லக்கூடிய ஒரு சேதாரம். ஆனா அந்த மட்டை விரிஞ்சு வெட்டு கண்ணுல படறப்போ வண்டு வந்துட்டுப் போய் ரொம்ப நாள் ஆயிருக்கும். ஏறுற ஆளு பாத்தா குருத்தோட அடியில ஓட்டையும் அதுல அடைச்சுக்கிட்டிருக்கற நார்த்தூளும் அப்பவே தெரியும், ஒரு கம்பிக் கொக்கிய விட்டு வண்டை இழுத்துப் போட்டுட்டு மட்டை இடுக்குல வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து போட்டுட்டு இறங்கிடலாம். இதை விட்டுட்டா இந்த வண்டு போட்ட ஓட்டையிலதான் கூன்வண்டு முட்டை போடும், மழைக்காலத்துல குருத்தழுகலும் அதே வழியாத்தான் உள்ள போகும். ஒண்ணு வந்தா மூணு வரும்.

குருத்தழுகல் எங்களுக்கு பெரிய பயமுங்க, ஏன்னா பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்கு மழைக்காத்து நேரா எங்க மேலதான் வருது. பைட்டோப்தோராங்கற பூசணம் ஈரத்துல குருத்துக்குள்ள இறங்கும். நடுக்குருத்து முதல்ல நிறம் மங்கும், அப்புறம் மஞ்சளாகும், அதைக் கையால பிடிச்சு லேசா இழுத்தாலே உருவிக்கிட்டு வந்துடும், அடிப்பாகம் அழுகி தாங்க முடியாத நாத்தம் அடிக்கும். ஆரம்பத்துலயே பாத்துட்டா அழுகுனதை எல்லாம் செதுக்கி எடுத்துட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசைய தடவி, புதுக்குருத்து வர்ற வரைக்கும் மழைத்தண்ணி இறங்காம மூடி வச்சு மரத்தைக் காப்பாத்தலாம். தென்னைக்கு வளர்ற முனை ஒண்ணே ஒண்ணுதான், அது போச்சுன்னா மரமே போச்சு. இதை மேல ஏறாம எப்படிங்க கண்டுபிடிக்கறது? எந்த போட்டோவுல நாத்தம் வரும், எந்த போட்டோவுல குருத்தை இழுத்துப் பாக்க முடியும்?

இப்ப வெள்ளை ஈ சமாச்சாரம். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவுல முதல்முதலா தெரிய வந்ததே 2016-ல நம்ம பொள்ளாச்சியிலதான். மத்திய அமெரிக்கப் பூச்சி, இங்க வந்து சேர்ந்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல தென்னிந்தியா முழுக்கப் பரவிடுச்சு. ஓலையோட அடிப்பக்கம் வட்டம் வட்டமா சுருள் போட்டு முட்டை வைக்கும், மேல வெள்ளையா மெழுகுத் தூள் அப்பியிருக்கும், அது ஒழுக்கற தேன் மாதிரி திரவம் கீழ் மட்டை மேலயும் ஊடுபயிர் மேலயும் சொட்டி, அதுல கரும்பூசணம் படிஞ்சு தோப்பே தீ வச்ச மாதிரி கருத்துப் போகும். அந்தக் கருப்பைப் பாத்து ஜனங்க பயந்து போனாங்க, பயத்துல கண்ட கண்ட பூச்சிமருந்த டிராக்டர் ஸ்பிரேயர் வச்சு அடிச்சாங்க. ஆனா வெள்ளை ஈ மரத்தைக் கொல்றதில்லை, கருப்பா தெரியறது மரத்தோட நோயே இல்லை, அது மேல படிஞ்ச பூசணம், லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கரைச்சு காய்ச்சுன பசைத் தண்ணிய அடிச்சா காய்ஞ்சதும் செதில் செதிலா உரிஞ்சு விழுந்துடும்.

இங்க ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமா சொல்லணுமுங்க. வெள்ளை ஈ பிடிச்ச ஒரு ஓலையைத் திருப்பி, லென்ஸ் வச்சுப் பாருங்க. வெள்ளை மெழுகுக்கு நடுவுல கூட்டுப்புழுக்கள் தட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுல சிலது வெளிர் மஞ்சளா இருக்கும், சிலது கருப்பா மாறியிருக்கும். அந்தக் கருப்பு கூட்டுப்புழுவுல சிலதுக்கு முதுகுல ஊசி குத்துன மாதிரி உருண்டையா ஒரு ஓட்டை இருக்கும். அது என்கார்சியாங்கற குளவி வெளிய வந்த ஓட்டை. கண்ணுக்கே சரியா தெரியாத அந்தக் குளவி வெள்ளை ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வச்சு, உள்ள இருந்தே அதைத் தின்னு, அந்த ஓட்டை வழியா வெளிய வரும். கருப்பு கூட்டுப்புழு நிறைய இருந்தா அந்தத் தோப்புல வேலை நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அங்க ஒரு சொட்டு ரசாயன மருந்தும் அடிக்கக் கூடாது. மேல்பக்கம் கருப்பு வேற, அடிப்பக்கம் கருப்பு வேற. இந்த ஒரு வித்தியாசத்தை 2016-லயும் 2017-லயும் ஊர் ஊரா காட்டியிருந்தா எவ்வளவு மருந்து மிச்சம், எவ்வளவு குளவி உசுரோட இருந்திருக்கும். அந்தக் குளவி தங்கிப் பெருக வாழையும் கல்வாழையும் தோப்புக்குள்ள நட்டா நல்லதுன்னு இப்ப எல்லாரும் சொல்றீங்க, மஞ்சள் ஒட்டுப்பொறியில விளக்கெண்ணெய் தடவி கட்டச் சொல்றீங்க, வெள்ளை ஈயைத் திங்கற கிரைசோபெர்லாப் பூச்சியோட முட்டை குடுக்கறீங்க, எல்லாம் நல்ல விஷயம், நான் குறை சொல்லலை. ஆனா ஓலையைத் திருப்பிப் பாக்கச் சொல்லிக் குடுக்காம பொறிய மட்டும் குடுத்தா, பொறி கட்டுன ஆளே மறுநாள் மருந்தும் அடிக்கறாரு.

எல்லாத்துக்கும் மேல கேரள வாடல் நோய். இதைச் சொல்லத்தான் இந்த மடலே எழுத உக்காந்தேன்.

கோட்டயம் பக்கம் ஈராற்றுப்பேட்டையில 1882-லயே பாத்த நோய் இது. நூறு வருஷத்துக்கு மேல ஆராய்ச்சி பண்ணியும் இன்னிக்கு வரைக்கும் தோப்புல குணப்படுத்தற மருந்து கிடையாது. பைட்டோபிளாஸ்மான்னு ஒரு நுண்ணுயிரி, சாறு உறிஞ்சற கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் ஒரு மரத்துல இருந்து இன்னொரு மரத்துக்கு கொண்டு போகும். கன்னியாகுமரி, தென்காசி, கம்பம் பள்ளத்தாக்குன்னு கேரள எல்லையோரமா வந்து இப்ப பொள்ளாச்சி ஆனைமலை தோப்புகள்ல உக்காந்திருக்கு. மரத்தை டக்குன்னு கொல்லாது, அதுதான் கொடுமை. வருஷக்கணக்கா நிக்கும், காய் குறைஞ்சுக்கிட்டே வரும், காயுக்குள்ள பருப்பு மெலிஞ்சு போகும், கொப்பரை போட்டா ரப்பர் மாதிரி வளையும், எண்ணெய் இருக்காது, பாளை விரியாமலே கருகும். அதுவரைக்கும் பக்கத்து மரத்துக்குப் பரப்பிக்கிட்டே நிக்கும்.

முதல் அறிகுறி மஞ்சள் இல்லீங்க. இதைத்தான் எல்லாரும் தப்பா பிடிச்சுக்கறாங்க. முதல்ல வர்றது தளர்ச்சி. நல்ல மட்டையில ஓலைங்க விறைப்பா நீட்டிக்கிட்டு இருக்கும். இந்த நோய் வந்த மரத்துல ஓலை ஒவ்வொண்ணும் பலம் இழந்து உள்பக்கமா வளைஞ்சு கவிழ்ந்துக்கும், மட்டையோட ரெண்டு பக்கமும் அப்படி வளையும்போது விலா எலும்புக்கூடு மாதிரி தெரியும். அந்தக் கட்டத்துல நிறம் பச்சையாவே இருக்கலாம். மஞ்சளும், ஓலை ஓரம் கருகறதும் அதுக்கு அப்புறம்தான். கையில தொட்டுப் பாத்தா இன்னும் தெளிவா தெரியும், நல்ல ஓலைய வளைச்சு விட்டா ஈர்க்கு விறுக்குன்னு திரும்பி நிக்கும், இதுல நிக்காது. தெரிஞ்ச ஆளு ஒருத்தர் ஏறுனா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாரு.

இதோட குழப்பிக்கறதுக்கு எத்தனை இருக்கு பாருங்க. மெக்னீசியம் பத்தலைன்னா அடி மட்டைங்க மஞ்சளாகும், ஆனா ஓலை விறைப்பாவே இருக்கும், வெயில் படற பக்கம் நல்ல மஞ்சளாவும் நிழல்ல இருக்கற பாகம் பச்சையாவும் இருக்கும். அதுக்கு மெக்னீசியம் சல்பேட் போட்டா போதும். சாம்பல் சத்து (பொட்டாஷ்) இல்லைன்னா பழைய ஓலையில துரு மாதிரி புள்ளி விழுந்து நுனியில இருந்து கருகும். போரான் இல்லைன்னா புதுசா வர்ற ஓலை குட்டையாகி சுருங்கி, நுனி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு விரியாம நிக்கும். கருந்தலைப் புழு தின்னா ஓலை காய்ஞ்ச மாதிரி இருக்கும், திருப்பிப் பாத்தா அடியில எச்சமும் நூலும் சேர்த்துக் கட்டுன நூலாம்படை மாதிரி குடில் இருக்கும், அதுக்கு அந்தப் புழுவை அழிக்கற ஒட்டுண்ணிப் பூச்சியை விடணும். இதெல்லாம் சரியாகற சீக்கு. வாடல் நோய் சரியாகாத சீக்கு. இந்த ரெண்டையும் ஒரே மஞ்சள்னு நினைச்சுக்கிட்டு ஒரு பக்கம் வெறும் சத்துக் குறைவு மரத்தை வெட்டித் தள்றாங்க, இன்னொரு பக்கம் வாடல் மரத்துக்கு வேர் வழியா மருந்து கட்டி, டானிக் ஊத்தி, ஊசி போட்டு வருஷா வருஷம் காசைக் கொட்டறாங்க. ரெண்டுமே பாக்க மனசு ஆறலீங்க.

அதனால அதிகாரிகளே, ஒரு விஷயத்தை மட்டும் ஒளிவு மறைவு இல்லாம ஊர் ஊரா சொல்லுங்க: கேரள வாடலுக்கு மருந்து கிடையாது. அப்படிச் சொன்னா விவசாயி மனசு உடைஞ்சு போவாருன்னு நினைச்சு சுத்தி வளைச்சு ஒருங்கிணைந்த மேலாண்மைன்னு மட்டும் பேசறது எங்களுக்கு உதவாது. ஒருங்கிணைந்த மேலாண்மைன்னா என்ன, நல்லா உரம், வேப்பம் புண்ணாக்கு, தண்ணி, ஊடுபயிர் குடுத்து நோய் லேசா இருக்கற மரத்துல விளைச்சலை பிடிச்சு வைக்கறது, வருஷத்துக்கு 10 காயி கூட குடுக்காத முத்துன மரத்தை எடுத்துடறது. நல்ல வழிதான், நாங்க பண்றோம். ஆனா அதை வைத்தியம்னு யாராவது பாட்டில்ல அடைச்சு வித்தா அதைத் தடுக்கற பொறுப்பு உங்களுது. எடுத்த இடத்துல என்ன நடறதுன்னும் சொல்லுங்க. மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தோட காயங்குளம் நிலையம் நோய் அடர்த்தியா இருக்கற ஊர்லயே தாக்குப் பிடிச்ச மரங்கள்ல இருந்து கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரான்னு ரகம் குடுத்திருக்கு. அந்தக் கன்னு எங்க வட்டாரத்துல விவசாயி கைக்குத் தாராளமா கிடைக்கற மாதிரி நர்சரி போடுங்க. கன்னு நட்டு காய் பாக்க வருஷக்கணக்கு ஆகும், இன்னிக்கு தாமதிச்சா அந்த வருஷம் எல்லாம் எங்க கணக்குலதான் சேரும்.

கிழக்கு மாவட்டத்துக்காரங்களுக்கு வேற ஒரு வாடல் இருக்கு, தஞ்சாவூர் வாடல்னு பேரு, 1952 புயலுக்கு அப்புறம் அந்தப் பக்கம் கவனிச்சது. பேரு ஒரே மாதிரி இருக்கறதால இதையும் அதையும் சேர்த்துப் பேசறாங்க, ஆனா தஞ்சாவூர் வாடல் கானோடெர்மாங்கற பூசணத்தால அடியில இருந்து வர்றது. தூர்ல செம்பழுப்பா சாறு வடியும், மேல மேல ஏறிக்கிட்டே போகும், அடி மட்டை தண்டை ஒட்டித் தொங்கும், கடைசியில தூர்ல தட்டு மாதிரி காளான் முளைக்கும், காளான் வந்தா மரம் முடிஞ்சதுன்னு அர்த்தம். சாறு வடியற நோய்னு தனியா ஒண்ணு இருக்கு, அது தண்டுல எங்க வெடிப்பு விட்டாலும் அங்க இருந்து வடிஞ்சு காய்ஞ்சு கருப்பா நிக்கும், அந்த இடத்தைச் செதுக்கி போர்டோ பசை போட்டா தேறிடும். கூன்வண்டு ஓட்டையிலயும் சாறு வரும், ஆனா கூடவே நார் வரும். சாறு மூணு, காரணம் மூணு, செய்ய வேண்டியதும் மூணு. தஞ்சாவூர் வாடலுக்கு மரத்தைச் சுத்தி 3 அடி ஆழத்துக்கு காவா வெட்டிப் பிரிக்கணும், ஒரு மரத்துத் தண்ணி அடுத்த மரத்துக்கு ஓடக் கூடாது, தனித்தனி வட்டப்பாத்தி போடணும், செத்த மரத்தைத் தூரோட வேரோட எடுக்கணும். கஜா புயல்ல 2018 நவம்பர்ல சாஞ்ச மரங்களைப் பாத்த டெல்டாக்காரங்களுக்கு, விழுந்த மரத்தைத் தோப்புக்குள்ளயே மக்க விட்டா எத்தனை காண்டாமிருக வண்டு வரும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல தென்னை மரங்களின் நண்பர்கள்னு ஒரு பயிற்சி ஆரம்பிச்சுது, மெஷின் வச்சு மரம் ஏறக் கத்துக் குடுக்கறது, அதுலயே பூச்சி நோய் பத்தியும் சேர்த்து சொல்லித் தர்றாங்க. அருமையான யோசனை. அதோட கதவைக் கொஞ்சம் அகலமா திறங்கன்னுதான் சொல்றேன். புதுசா ஏறக் கத்துக்கற இளைஞருக்கு மட்டும் இல்லாம, காலங்காலமா தளை போட்டு ஏறிக்கிட்டிருக்கற பெரியவங்களுக்கும் இளநீர் வெட்டற செட்டுக்கும் நோய் பாக்கறதை மட்டும் தனியா ரெண்டு நாள் சொல்லிக் குடுங்க. மண்டபத்துல புரொஜெக்டர் போட்டு வேண்டாமுங்க. தோப்புல வச்சு, மரத்துல ஏத்தி, ஓலைய கையில குடுத்து, குருத்தை இழுத்துப் பாக்க வச்சு, தண்டுல காதை வைக்க வச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அன்னிக்கு சாயங்காலம் பத்து சீக்கைப் பிரிச்சு சொல்லுவாரு, அவங்க கண்ணு அப்படி.

அப்புறம் படம். இப்ப வர்ற கையேட்டுல நோய்க்கு ஒரு பக்கம், பூச்சிக்கு ஒரு பக்கம்னு வரிசையா இருக்கு. எங்களுக்கு வேணுங்கறது அது இல்லை. ஒண்ணு மாதிரியே தெரியற ரெண்டு ரெண்டா பக்கத்துல பக்கத்துல வச்ச அட்டை வேணும், வாடலும் மெக்னீசியமும், கூன்வண்டுச் சாறும் கானோடெர்மா சாறும், கருந்தலைப் புழு தின்னு காய்ஞ்ச ஓலையும் வெறும் வறட்சியில காய்ஞ்ச ஓலையும், இப்படி. தண்ணி பட்டாலும் கிழியாத அட்டையா, சட்டைப் பையில வைக்கற சைஸ்ல, எழுத்து கம்மியா படம் பெருசா.

காசு விஷயத்துக்கு வர்றேன். ஏறுறவருக்கு மரத்துக்கு இவ்வளவுன்னு கூலி, நின்னு பாத்தா அவருக்கு நஷ்டம். அதனால அவரு குடுக்கற தகவலுக்குத் தனியா ஒரு தொகை வைங்க. ஒரு வாடல் மரத்தை அவரு காட்டி, உங்க ஆளு வந்து பாத்து, சந்தேகம் இருந்தா சாம்பிள் எடுத்து லேப்ல உறுதி ஆச்சுன்னா அவரு கணக்குக்கு காசு போகணும். அரசோட உழவன் செயலி ஏற்கனவே இருக்கு, அதுலயே குரல்ல பேசி போட்டோவ அனுப்பற மாதிரி அவருக்குன்னு ஒரு வழி வைங்க. உறுதி ஆன மரத்துக்குத் தண்டுல பெயிண்ட் அடிங்க, அப்பத்தான் தோப்புக்காரர் ஒத்துக்கிட்டாலும் இல்லைன்னாலும் பக்கத்துத் தோப்புக்காரருக்குத் தெரியும். இதுல சண்டை வரும்னு தெரியும், வரட்டுமுங்க, வண்டுக்கும் தத்துப்பூச்சிக்கும் பட்டா தெரியாது.

ஒரு தோப்புல மட்டும் பண்ணி பிரயோஜனம் இல்லைங்கறதையும் சேர்த்து சொல்லிடறேன். வண்டை வாடை காட்டி இழுக்கற இனக்கவர்ச்சிப் பொறிய ஒருத்தர் மட்டும் கட்டுனா ஊர்ல இருக்கற வண்டு எல்லாம் அவரு தோப்பு பக்கமே வருது, அதுல எல்லாமே பொறியில விழறதில்லை. எருக்குழியில காண்டாமிருக வண்டோட புழுவைக் கொல்ற மெட்டாரைசியம் பூசணத்தைக் கலக்கற வேலையும் அப்படித்தான், பக்கத்துத் தோப்பு எருக்குழிய யாரும் தொடலைன்னா என்ன பண்ணி என்ன. ஊராட்சி ஊராட்சியா ஒரே வாரத்துல எல்லாத் தோப்புலயும் நடக்கற மாதிரி தேதி போட்டுக் குடுங்க, நாங்க ஆள் சேர்க்கறோம்.

ஏறுறவங்களுக்கு இன்சூரன்ஸும் இதோட சேர்த்துப் பாருங்க. வாரியத்துல கேரா சுரக்ஷான்னு திட்டம் இருக்கு, எங்க பக்கம் ஏறுறவங்கள்ல நிறையப் பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. பயிற்சிக்கு வர்ற அன்னிக்கே பேரு பதிஞ்சு குடுத்துட்டா வேலை முடிஞ்சுது.

பயிற்சிக்கு இடம் தேட வேண்டியதில்லை. எங்க தோப்புலயும் பக்கத்துல ரெண்டு மூணு தோப்புலயும் மரம் குறிச்சு வச்சிருக்கோம், விலா வளைஞ்ச வாடல் மரம், வண்டு வெட்டுன குருத்து, வெள்ளை ஈயும் என்கார்சியாவும் சேர்ந்தே இருக்கற மட்டை, போரான் இல்லாத கன்னு, எல்லாம் ஒரே வரப்புல நடந்தே காட்டிடலாம். தென்மேற்கு மழை பிடிக்கறதுக்கு முன்னாடி வைங்க, மழையில தண்டு வழுக்கும், ஏத்தக் கூடாது. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஆரம்பிச்சா நல்லது. வர்றவங்களுக்கு அன்னிக்குக் கூலிய மட்டும் துறையில இருந்து குடுத்துடுங்க, சாப்பாடு நாங்க பாத்துக்கறோம்.

இப்படிக்கு,
ஆனைமலை வட்டாரத்துத் தென்னை விவசாயி